ஹரோல்ட் வாங்கிய படகும் டெய்சி கேட்ட மணியும்

இந்த முறை மனைவி டெய்சியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவிடுவது என்று ஹரோல்ட் முடிவு செய்தார். முடிவு செய்த சூட்டோடு அடுப்படிக்குப் போய் அதை டெய்சியிடமே சொன்னார்.

"உன்னைக் கேக்காம ஒண்ணு வாங்கப் போறேன்."

"இன்னா அது?"

கைப்பேசியை நீட்டினார். படத்தில் ஒரு வெள்ளைப் படகு. இடுப்பில் நீலக் கோடு.

"இன்னாங்க இது, இஸ்திரிப் பெட்டி மாதிரி கீது?"

"மோட்டார் க்ரூசர். செகண்ட் ஹேண்டு. உள்ள ரெண்டு படுக்கை, அடுப்பு, சிங்க், டாய்லெட். வீடே உள்ள இருக்குது."

"நம்ம வீட்லயும் அதெல்லாம் இருக்குது. நகர மாட்டேங்குது, அதான் கொறையா?"

"அதேதான் கொறை."

"தண்ணிக்கு எங்க போவீங்க? பேத்தமங்களா ஏரில வுட்டா ஊரே வந்து ஒதைக்கும். குடிக்கிற தண்ணி."

"குந்தாபுராவுல வுடுவேன். ஆறுங்க வந்து கடல்ல சேர்ற எடம். ஆத்துலயும் ஓட்டலாம், கடல் வாய் வரைக்கும் போலாம், படகுலயே குடியிருக்கலாம்."

ஹரோல்டின் ஆசைக்குக் காரணம் உண்டு. மைசூர் மைன்ஸ் என்ற தங்கச் சுரங்கத்தில் அவர் வைண்டிங் என்ஜின் டிரைவராக இருந்தவர். ஆட்களை ஏற்றிய கேஜ் என்ற கூண்டு இரும்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு பூமிக்குள் போகும். அதை ஏற்றி இறக்குவது மேலே என்ஜின் அறையில் இருக்கும் அவர் கை. ஆனால் கேஜ் அவர் கண்ணுக்குத் தெரியாது. மணிச் சத்தம் மட்டும் கேட்கும். ஓடும்போது ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறுகிறார்கள், லீவரில் கை வைக்காதே. ஏன், எதற்கு என்று யோசிக்கிற வேலை இல்லை. யோசித்தால் கீழே ஓர் உயிர் போகும். மைன்ஸ் மூடியபின் பெங்களூரில் கிரேன் ஓட்டினார். அங்கே கீழே நின்றவன் கை காட்டினான், இவர் ஓட்டினார்.

"ஒரு தடவையாவது, எதிர்ல பாத்துக்கினு, என் இஷ்டத்துக்கு ஓட்டணும் டெய்சி."

இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர் சொல்லவில்லை. டெய்சியின் அக்கா நேசமணி, போன வருஷம் வரை இரண்டு தெரு தள்ளி இருந்தாள். சர்ச் முடிந்ததும் நேராக வந்து, ஹரோல்டின் சட்டைக் காலர் முதல் சாப்பாட்டின் அளவு வரை சோதனை போடுவாள். பிறகு மகனுக்கு வேலை மாறி, அவனோடு எங்கோ போய்விட்டாள். வழியனுப்பப் போன ஹரோல்ட் எந்த ஊர் என்று கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவாளோ என்ற பயம். என்றாவது திரும்பி வந்தாலும் தண்ணீருக்குள் வரமாட்டாள் அல்லவா?

டெய்சி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "குந்தாபுராவுக்கு எதிர்க்கரை இன்னா ஊரு?"

"கங்கொள்ளி."

டெய்சி உடனே டீ போட்டாள். சர்க்கரை தாராளமாக விழுந்தது. ஹரோல்ட் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"வாங்குங்க. ஸ்டியரிங்கும் லீவரும் உங்களுது. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். கேபின் பக்கத்துல தொங்குதே, அந்த மணி."

"மணியா? எடுத்துக்கோ."

ஒரு மணியோடு முடிந்துவிட்டதே என்று ஹரோல்ட் அன்று சீட்டியடித்துக்கொண்டே குளித்தார்.

குந்தாபுராவில் படகைக் கரையேற்றி வைத்திருந்தார் அதன் சொந்தக்காரர் டென்னிஸ். மூட்டுவலியால் விற்கிறார். ஹரோல்ட் குனிந்து படகின் அடிவயிற்றைச் சாண் சாணாகத் தட்டிக் கேட்டார். சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டியா, உள்ளே விட்டுப்போயிருக்கிறதா என்று சத்தம் சொல்லிவிடும்.

"வாங்க வந்தவங்க எல்லாம் சீட்டு மெத்தைய அமுக்கிப் பாத்தாங்க. அடில தட்டிப் பாத்தது நீங்கதான் சார்," என்றார் டென்னிஸ்.

மேலே டெய்சி தன் பொருளைச் சோதித்தாள். ஒரு தடவை அடித்தாள். டங்.

தட்டிக்கொண்டிருந்த ஹரோல்டின் கை அந்தரத்தில் நின்றது.

டெய்சி எட்டிப் பார்த்தாள். "மணி நல்லாவே வேலை செய்யுது," என்றாள்.

படகு கைமாறியது. ஹரோல்டுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு டென்னிஸ் கரையில் இறங்கிக்கொண்டார். டெய்சி யாரோடோ போனில் பேசிவிட்டு மணியருகே உட்கார்ந்தாள். ஹரோல்ட் தொப்பியை அழுத்திக்கொண்டு லீவரைத் தள்ளினார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. இரண்டு பக்கமும் தென்னை ஓடியது. எதிரே, அலை வெளுக்கும் கடல் வாய். அவர் நினைத்தால் இடம், நினைத்தால் வலம். ஹரோல்டுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எங்க போறோம்?" என்றாள் டெய்சி.

"கடல் வாய்க்கு. நடுவுல எங்கயும் நிறுத்தறதா இல்ல."

"அந்தப் படித்துறை அழகா இருக்குதுங்க."

"இருக்கட்டும்."

டங்.

ஹரோல்டின் கை லீவரை இழுத்துவிட்டது. அவரைக் கேட்கவே இல்லை. படகு மெல்ல மிதந்துபோய்ப் படித்துறையில் உரசி நின்றது. படித்துறையில் ஒரு குடை. இரண்டு பைகள். குடைக்குக் கீழே நேசமணி.

"இன்னா தம்பி, எளைச்சிட்டீங்க? இந்தக் கங்கொள்ளிலேந்து அக்கரைக்கு ரோட்ல போனா சுத்திக்கினு போவணும்னு டெய்சிகிட்ட பொலம்பிக்கினே இருந்தேன். நீங்க படகே வாங்கிட்டீங்க."

என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தள்ளு போதும். ஹரோல்டின் கை லீவரை நோக்கிப் பாய்ந்தது.

டங். டங். டங்.

ஆள் ஏறுகிறார்கள். கை தானாக மடிக்கு வந்துவிட்டது. பைகள் ஏறின. குடை ஏறியது. கடைசியில் நேசமணி ஏறி, படுக்கையில் உட்கார்ந்து, அவர் காலரைப் பார்த்தாள்.

"அப்போ தெனமும் இதே நேரத்துக்கு வந்துடுவீங்களா தம்பி?"

முடியவே முடியாது என்று சொல்ல ஹரோல்ட் வாயைத் திறந்தார்.

டெய்சி ஒரே ஒரு மணி அடித்தாள். வாய் மூடிக்கொண்டது.