ஊசி பலித்த குற்றம்

ஒஹையோ மாநிலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா அம்மையார் மீது காப்பீட்டு நிறுவனம் கண்டுபிடித்த குற்றம் ஒன்றே ஒன்றுதான்: அவருக்குக் குணமாகியிருந்தது.

முடக்குவாதத்துக்கு மாதம் ஆறாயிரம் டாலர் ஊசி. முதல் வருஷம் அதை வாங்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. விலை குறைந்த மாத்திரைகள் மூன்றை வரிசையாகத் தின்று, மூன்றிலும் குணமாகாமல் தோற்றுக் காட்ட வேண்டும் என்பது விதி. வெர்னா நேர்மையானவர்; மூன்றிலும் முறைப்படி தோற்றார். மூன்றாவதில் கல்லீரலும் சேர்ந்து தோற்கப் பார்த்தது. அதன் பிறகே நிறுவனம் மனமிரங்கியது. ஊசி போட்ட நாலாம் மாதம் விரல்கள் மடங்கின, ஸ்டியரிங் பிடிபட்டது, நாற்பது பிள்ளைகள் மறுபடி அவர் பேருந்தில் பள்ளிக்கூடம் போனார்கள்.

ஆண்டு முடிந்ததும் கடிதம் வந்தது. "தங்கள் மூட்டுகளில் வீக்கம் இல்லையென அறிந்து பெரிதும் மகிழ்கிறோம். ஆகவே வீக்கத்துக்கான மருந்து தேவையற்றது எனத் தீர்மானித்துள்ளோம்."

மேல்முறையீடு செய்தார். அவருடைய டாக்டர் நிறுவனத்து டாக்டரிடம் வாதாடினார். நிறுவனத்து டாக்டர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுத்துவிட்டார்.

கடைசி முறையீடு தொலைபேசியில். முக்கால் மணி நேரப் பியானோ இசைக்குப் பிறகு டிரெவர் என்ற அதிகாரி பேசினார்.

"வீக்கமே இல்லையே, அப்புறம் எதுக்கு மேடம் ஊசி?"

"ஊசி போடுறதாலதான்யா வீங்கலை!"

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

"நிறுத்தினா தெரியும்."

"பாத்தீங்களா, வழியை நீங்களே சொல்லிட்டீங்க. மூணு மாசம் நிறுத்துங்க. வீங்கினா படம் எடுத்து அனுப்புங்க. முதல் மாத்திரையிலேர்ந்து ஆரம்பிச்சுடலாம்."

"கை மடங்கலைன்னா பஸ் ஓட்ட முடியாது. வேலை போயிடும்யா."

"எங்க காப்பீடு உங்க வேலையோட சேந்ததுதானே மேடம், வேலை போனா அதுவும் போயிடும். அப்புறம் உங்களுக்கு நாங்க எதையும் மறுக்கவே மாட்டோம். கவலையை விடுங்க."

பக்கத்தில் இருந்த கணவர் கிளைட், "குடு ஃபோனை, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேக்கறேன்" என்று பாய்ந்தார். வெர்னா கையமர்த்தினார். "சும்மா இருய்யா. அவன் கையிலதான் ஃபைல் இருக்கு."

டிரெவர் திடீரென்று குரலைத் தாழ்த்தினார். "லைன்லயே இருங்க மேடம். எங்க சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க்குன்னு கேப்பாங்க. அஞ்சை அமுக்கிடுங்க. என் பொண்ணோட ஆஸ்துமா மருந்தையும் நிறுத்திட்டாங்க. எனக்கு நூறு பேர் அஞ்சு போட்டா மறுபடி பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க."

வெர்னாவுக்கு மனசு கேட்கவில்லை. அஞ்சை அமுக்கினார்.

பத்தாம் நாள் தீர்ப்பு வந்தது. "உறுப்பினர் தொலைபேசிப் பொத்தானைப் பிறர் உதவியின்றி, இரண்டே நொடியில் அமுக்கியது பதிவாகியுள்ளது. விரல்கள் நல்ல நிலையில் இருப்பதை அவரே நிரூபித்துவிட்டதால் முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது. எங்கள் சேவையில் முழுத் திருப்தி தெரிவித்தமைக்கு நன்றி."