ஜாடியார் பிடித்த புகை

விடிவதற்கு முன்பே பழைய சிமென்ட் கிடங்கின் வாசலில் கூட்டம் நெரியும். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் கையில் சிகரெட் புகைந்துகொண்டிருக்கும். மீதிப் பேர் வாயில் முந்தின இரவின் வாடை. மருத்துவமனை வாசலில் இப்படி நின்றால் காவலாளி விரட்டுவார். இங்கே யாரும் விரட்டவில்லை. இங்கே எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு மரியாதை.

உள்ளே இருந்தவர் ஜாடியார். இயற்பெயர் என்ன என்று கேட்டால், அது ஜாடியில் கரைந்துவிட்டது என்பார். முன்பு தேயிலை மண்டியில் மூட்டைக் கணக்குப் பார்த்தவர் என்று பேச்சு. ஞானம் எங்கே வேண்டுமானாலும் பிறக்கும் அல்லவா? மூட்டைக்கு நடுவிலும் பிறந்துவிட்டது.

முறை எளிது. தண்ணீர் நிரப்பிய கண்ணாடி ஜாடிக்குள் உங்கள் தலைமுடி ஒன்றைப் போட்டு, ஒருமுறை ஊத வேண்டும். ஜாடியார் அதைத் தக்கையால் அடைத்து, மெழுகு பூசி, பெயர்ச்சீட்டு ஒட்டி, சுவர் அலமாரியில் ஏற்றிவிடுவார். அன்றிலிருந்து நீங்கள் இழுக்கும் புகையின் கெடுதல் நுரையீரலுக்குப் போகாது. குடிக்கும் சரக்கின் கெடுதல் ஈரலுக்குப் போகாது. எல்லாம் நேரே ஜாடிக்குப் போய்விடும். எந்த வழியாகப் போகும் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் வழி அடைத்துக்கொள்ளும்.

ஆதாரம் இல்லாமல் நம்ப நம் மக்கள் என்ன முட்டாள்களா? ஆதாரம் கண்ணெதிரே இருந்தது. நாளாக ஆகத் தண்ணீர் மஞ்சளாகும், பழுப்பாகும், கடைசியில் கறுப்பாகும். வாரந்தோறும் ஜாடியாரின் மச்சான் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு ஜாடியாக எடுத்துக் குலுக்குவார். உள்ளே போன கெடுதலைத் தூங்கவைக்கிறாராம். கறுத்துவிட்டால் ஜாடி நிறைந்தது என்று பொருள். புதிது வாங்க வேண்டும். லேசான பழக்கத்துக்குச் சின்ன ஜாடி, முற்றின பழக்கத்துக்குப் பெரிய ஜாடி. விலையும் கூடவே முற்றும்.

மனைவிமார்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாடி பார்க்க வந்தார்கள். தன் வீட்டுக்காரர் ஜாடி போன வாரமே கறுத்துவிட்டது என்று ஒருத்தி பெருமையடித்தாள். இன்னும் பழுப்பைத் தாண்டாத கணவனை வைத்திருந்தவள் அவமானத்தில் தலைகுனிந்தாள். வீட்டுக்குப் போனதும் அவனை என்ன பாடு படுத்தினாளோ.

இதையெல்லாம் ஒரு மூலையில் நின்று பார்த்து வயிறெரிந்தவள் முணுமுணு. பொதுச் சுகாதார ஆய்வு அலுவலகத்தில் அவளுக்கு அந்தப் பெயர்தான். விஞ்ஞானம் படித்தவள். ஆனால் அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவர் குனிந்துதான் கேட்க வேண்டும். ஊரில் யார் எவ்வளவு புகைக்கிறார்கள், குடிக்கிறார்கள், வேறென்ன போதை எடுக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பது அவள் வேலை.

கேட்டால் என்ன சொல்வார்கள்? காதிடுக்கில் சிகரெட் செருகியிருப்பவர், அந்த நாற்றமே ஆகாது என்பார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஆடுபவர், குடியா, சிவசிவா என்பார். அவள் கொண்டுவந்த கணக்குப்படி அந்த ஊரில் எல்லாரும் உத்தமர்கள். பிறகு சரக்குக் கடை வாசலில் தள்ளுமுள்ளு செய்வது யார் என்று மேலதிகாரி கேட்டார். முணுமுணு ஏதோ பதில் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை.

அதே உத்தமர்கள் ஜாடியாரிடம் மட்டும் மனம் திறந்து கொட்டினார்கள். பாதிப் பாக்கெட் இழுப்பவன், பெரிய ஜாடிக்கு ஆசைப்பட்டு இரண்டு பாக்கெட் என்றான்.

இதோடு நின்றிருந்தால் அவளும் வயிறெரிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அலமாரியின் நடுத்தட்டில் அவள் அப்பாவின் ஜாடியும் இருந்தது.

அப்பா பேருந்துப் பணிமனை மெக்கானிக். புகையால் கால் ரத்தக்குழாய் சுருங்கி, இடது பெருவிரல் நீலம் பாரித்திருந்தது. அடியோடு நிறுத்தினால் விரல் தப்பும், இல்லையென்றால் விரலில் தொடங்கி வெட்டிக்கொண்டே மேலே போக வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா பயந்து நிறுத்தியும்விட்டார். தீக்குச்சியைக் கடித்துக்கொண்டு, வீட்டிலிருந்த எல்லாரையும் திட்டிக்கொண்டு, ஒரு மாதம் ஓட்டினார். அப்போதுதான் பணிமனை நண்பர் ஒருவர் அவரைக் கிடங்குக்கு அழைத்துப்போனார்.

அதன்பின் அப்பா முன்னைவிட அதிகமாக இழுத்தார். விரலின் நீலம் கறுக்கத் தொடங்கியது. அடுத்த வாரம் டாக்டர் பார்த்து முடிவு சொல்வதாக இருந்தது. மகள் கெஞ்சினாள்.

"நீ வீடு வீடாப் போய்க் கேக்கறியே, எவனாவது நிஜம் சொல்றானா?" என்றார் அப்பா. "ஜாடிகிட்ட எவனும் பொய் சொல்ல முடியாதும்மா. கண்ணால பாக்கறேன், கறுக்குது. இதுக்கு மேல என்ன வேணும்?"

அன்று இரவு சாப்பிடும்போது அவளுக்கு உறைத்தது. புகைப்பவன் ஜாடி கறுக்கிறது, சரி. புகைக்காதவன் ஜாடி? அதை யாருமே வைத்துப் பார்க்கவில்லை. கல்லூரியில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்த பாடம். ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பக்கம் ஒன்று வேண்டும். புகையே அறியாத ஓர் ஆள் வேண்டும்.

அப்படி ஓர் ஆளை அவள் கணக்கெடுப்பில் நம்பவே முடியாது. ஆகவே அத்தையிடம் போனாள்.

அத்தை, அப்பாவின் தங்கை. துணிக்கடை வைத்திருந்தாள். முணுமுணுவுக்கு வராத சத்தமெல்லாம் அத்தைக்கு வந்திருந்தது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கோட்டும் சூட்டுமாக ஒரு பொம்மை நின்றது. அத்தை அதன் சவுரித் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினாள். நடக்க முடியாதவர்கள் பலூனில் மூச்சு ஊதி அனுப்பலாம் என்று ஜாடியாரே விதி வகுத்திருந்தார். சைக்கிள் பம்பு இருக்கும்போது மூச்சுக்கு என்ன பஞ்சம்?

அத்தை ஜாடியார் முன்னால் உருகி உட்கார்ந்தாள். ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

"எங்க கடையில இருக்கறவருங்க ஐயா. நின்ன இடத்தை விட்டு நகர மாட்டேங்கறாரு. வாயத் திறந்து பேசறதில்ல. சோறு தண்ணி தொடறதில்ல. ராத்திரி கண்ணு மூடறதில்ல."

ஜாடியார் பலூனை முகர்ந்தார். முகம் கோணியது.

"புகை முத்திப்போச்சும்மா. பதினஞ்சு வருசப் பழக்கம். அதோட உங்களுக்குத் தெரியாம ராத்திரியில குடிக்கறாரு."

"அப்படியாங்க? சாயங்காலமே கடையைப் பூட்டிட்டுப் போயிடறேனே."

"பூட்டினா என்ன? வழி வச்சிருப்பாரு. பெரிய ஜாடியாப் போட்டுடுவோம்."

மறு ஞாயிற்றுக்கிழமை பொம்மையின் ஜாடி தார் போலக் கறுத்திருந்தது. ஊரிலேயே பெரிய குடிகாரன் ஜாடிகூட அத்தனை கறுப்பில்லை. இப்படிப்பட்ட மகா பாவியைக்கூடக் காப்பாற்றுகிறேன் பாருங்கள் என்று ஜாடியார் அதைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் உச்சுக்கொட்டியது. அந்தப் பாவியைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று ஒருவர் கேட்டார்.

"வெளியில நிக்கறாரு" என்றாள் அத்தை. தள்ளுவண்டியிலிருந்து பொம்மையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் நிறுத்தினாள்.

சிரிப்பு வெடித்தது. மச்சான் ஏணியிலிருந்து இறங்க மறந்தார். ஜாடியார் மட்டும் கலங்கவில்லை. தொழில் தெரிந்தவர். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்துப் பிரித்தார். அடுத்தவர் விடும் புகையும் ஆளைக் கெடுக்கும் என்று அதில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. முணுமுணுவின் அலுவலகம் போட்டது. அவளே வீடு வீடாகக் கொடுத்தது.

"தெருவைப் பாத்து நிக்கற பொம்மை. போறவன் வர்றவன் விட்ட புகையெல்லாம் யார் மேல பட்டுது? படிச்சவங்களே எழுதியிருக்காங்க" என்றார்.

கூட்டம் தலையாட்டியது. பொம்மைக்காகச் சிலர் கண்கலங்கினார்கள். கூட்டத்தில் நின்ற அப்பா நிம்மதியாக அடுத்த சிகரெட்டை உதட்டில் வைத்தார்.

அதைப் பார்த்ததும் முணுமுணு வாயைத் திறந்தாள். யார் காதிலும் ஒன்றும் விழவில்லை. என்ன சொல்கிறாள் என்று பின்வரிசை முன்வரிசையைக் கேட்டது. முன்வரிசை பின்வரிசையை அதட்டி அடக்கியது. கத்துகிறவர்கள் பேச்சுக்கு அடங்காத கூட்டம், இவள் பேச்சைக் கேட்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு அடங்கியது.

"ரெண்டு புது ஜாடி" என்றாள். "ஒண்ணுல அப்பா முடி போட்டு ஊதட்டும். அதுக்குத் தக்கை வேண்டாம், பிளாஸ்டிக் மூடி போதும். இன்னொண்ணுல முடியும் வேண்டாம், மூச்சும் வேண்டாம். வெறும் தண்ணி. அதுக்கு ஐயாவோட தக்கை."

அப்படியெல்லாம் விளையாடக் கூடாது, வழி அடைத்துக்கொள்ளும் என்று ஜாடியார் எழுந்தார். தடுத்தது அப்பாதான்.

"செய்யட்டும் ஐயா. வீட்டுல தினமும் இவ நச்சரிப்பு தாங்கல. இன்னியோட இவ வாய அடச்சிடலாம்."

அத்தை மேசையிலிருந்த தக்கைக் கூடையில் கைவிட்டு ஒன்றை எடுத்து, வெறும் தண்ணீர் ஜாடியில் அழுத்தினாள். அப்பா தன் ஜாடியில் முடி போட்டு ஊதி, மூடி போட்டார். பிறகு சிகரெட்டைப் பற்றவைத்து, கெடுதல் நன்றாகப் போய்ச் சேரட்டும் என்று ஆழமாக இழுத்தார். ஜாடியில் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஆழமாக இழுத்தார். இருமல் வந்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"இப்ப ரெண்டையும் குலுக்குங்க" என்றாள் முணுமுணு. "மச்சான் பண்ற மாதிரி."

அப்பா தன் ஜாடியைத் தலைகீழாகக் குலுக்கினார். பளிங்காகவே இருந்தது. அத்தை யாருமில்லாத ஜாடியைத் தலைகீழாகக் குலுக்கினாள். தக்கையிலிருந்து பழுப்பு நூல் நூலாக இறங்கியது. இன்னொரு குலுக்கலில் ஜாடி முழுக்கப் பழுப்பு.

புகைக்க ஆளே இல்லாத ஜாடி அது.

பேருந்து நடத்துநர் ஒருவர் முன்னால் வந்து தக்கையைப் பிடுங்கித் திருப்பினார். அடியில் துளை. துளைக்குள் கரித்தூளும் தேயிலைத்தூளும். அவர் துணிந்தவர். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"சர்க்கரை பத்தல" என்றார்.

"பொம்மை ஜாடிக்குத் தூளு கம்மியா வைங்கன்னு அப்பவே சொன்னேன் அத்தான்" என்று ஏணி மேலிருந்து மச்சான் அழுதார்.

அத்தான் அங்கே இல்லை. பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது. நாலு பேர் துரத்த ஓடினார்கள். ஓட்டத்தில் மூவருக்கு மூச்சு வாங்கி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். புகைக்காத ஒருவர்தான் பிடித்தார்.

கிடங்கில் அப்பா இன்னும் தன் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, நான் இத்தன நாளா விட்ட புகையெல்லாம் எங்கம்மா போச்சு?"

முணுமுணு குனிந்து அவர் காலைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். கூட்டமே பார்த்தது.

அப்பா மூடியைத் திறந்து, கையிலிருந்த சிகரெட்டைத் தண்ணீரில் போட்டார். உஸ் என்று அணைந்தது. தண்ணீர் மெல்லப் பழுப்பேறியது. அந்தக் கிடங்கில் உண்மையாகவே புகையிலையால் பழுப்பேறிய ஜாடி அது ஒன்றுதான்.

விரலை இப்போதைக்கு விட்டுவைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னாராம். அப்பா மறுபடியும் தீக்குச்சி கடிக்கிறார், மறுபடியும் எல்லாரையும் திட்டுகிறார். போன வாரம் மகள் அவரையும் கணக்கெடுப்பில் கேட்டாள். "முந்தாநேத்து ஒண்ணு இழுத்துட்டேன். எழுதிக்க" என்றார். அவள் பார்த்த வேலையில் கிடைத்த முதல் நிஜம்.

அத்தை கடை வாசலில் இப்போது புதுக்கூட்டம். ஊரின் புகையையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கும் பொம்மையாம். அதன் கோட்டைத் தொட்டால் இருமல் போகிறதாம். அத்தை துடைப்பத்தோடு நிற்கிறாள். பொம்மை எதையும் யோசிக்காமல் தெருவைப் பார்க்கிறது. அதைச் சொல்லிக் குற்றமில்லை, அதன் தலைக்குள் ஒன்றும் கிடையாது. வரிசையில் நிற்கிறவர்கள் என்ன சாக்குச் சொல்வார்கள்?