போசன் அண்ணாச்சியும் சிவப்பு நிற ஊரும்

சாகாமல் இருப்பதற்காக எங்கள் போசன் அண்ணாச்சி எடுத்துக்கொள்ளும் சிரமத்தை வேறு யாராவது எடுத்துக்கொண்டால், அந்தக் களைப்பிலேயே செத்துப்போவார்கள்.

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருக்கும் தெருவில் அவர் கீழ்வீடு, நாங்கள் மாடி. போசன் என்பது பெயரல்ல, உத்தியோகம். சரக்குக் கப்பலில் மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. வாழ்நாளில் பாதியைக் கப்பலில் கழித்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர், மீதியையும் கப்பலிலேயே கழிப்பது என்று முடிவுசெய்து வீட்டைக் கப்பலாக்கிவிட்டார். அவர் மனைவி நாகர்கோவிலில் மகளோடு இருக்கிறார். "அந்தக் கப்பல்ல எனக்கு இப்பத்தான் லீவு கெடச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்வி.

நாங்கள் குடி வந்த அன்றைக்குப் பால் காய்ச்சுவதற்கு முன்னால் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. மணல் வாளி எங்கே இருக்கிறது என்று சொன்னால்தான் பால் அடுப்பில் ஏறும் என்றார். என் மனைவி சரியாகச் சொல்லிவிட்டாள். அவள் பள்ளிக்கூட டீச்சர், பரீட்சை என்றால் அவளுக்குக் குஷி. அடுத்து என் முறை. வெளியேறும் வழி எது என்று கேட்டார். வந்த வாசலைக் காட்டினேன்.

"அது உள்ள வார வழி. ஆபத்துல ஓடுத வழி எது?"

"அதே வாசல்தான அண்ணாச்சி."

"ஏலே, தீயே அங்கனதான் பிடிச்சிருக்கு."

எனக்கு உண்மையிலேயே புகை வாசம் அடித்தது. நான் அப்படிப்பட்ட ஆள். பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் எனக்குக் காய்ச்சல் வரும். விமானத்தில் பாதுகாப்பு விளக்கத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணிடம் மறுபடியும் ஒருதரம் சொல்லச் சொன்ன ஒரே பயணி நானாகத்தான் இருப்பேன். ஆக, வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் பொருத்தமாக வாய்த்தோம். அவர் ஆபத்தைக் கண்டுபிடிப்பார், நான் பயப்படுவேன். இரண்டு பேருக்கும் முழுநேர வேலை.

மொட்டைமாடியில் கப்பல்காரர்கள் வேலைக்குப் போடும் பாய்லர் சூட், ஹெல்மெட், கழுத்தில் பைனாகுலர் சகிதம் ஒரு ஆள் எந்நேரமும் கடலைப் பார்த்து நிற்பார். தினமும் காபியோடு போய் வணக்கம் வைத்தேன். பதில் இல்லை. திமிர் பிடித்த ஆள் என்று மனைவியிடம் குறை சொன்னேன். அவள் மேலே வந்து பார்த்துவிட்டு, "உள்ள வைக்கோல்ங்க" என்றாள். கடல் கொள்ளைக்காரர்கள் நடமாடும் பக்கம் போகும் கப்பல்களில் இப்படிப் பொம்மை ஆட்களை ஓரமாக நிறுத்தி வைப்பார்களாம், காவல் பலமாக இருக்கிறது என்று தூரத்திலிருந்து தெரிவதற்காக. எங்கள் வீட்டில் கொள்ளையடிக்க இருந்த ஒரே பொருள் நான் மாதத் தவணையில் வாங்கிய மிக்ஸி.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து அவர் வந்ததும் ஒத்திகை. ஹாரனில் குட்டையாக ஏழு, நீளமாக ஒன்று ஊதுவார். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு மாடியில் வரிசையாக நிற்கவேண்டும். என் மகள் தாமதமாக வந்தால், "ஏளா, நீ தலைசீவி முடிக்கதுக்குள்ள கப்பல் முங்கிரும்" என்பார். ஞாயிறு மட்டும் ஒத்திகை என்றால் ஆபத்துக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு வாரம் புதன்கிழமை ஊதினார். நான் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரர்களோடு வீடியோ மீட்டிங்கில் இருந்தேன். ஊதல் கேட்டதும் என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. லேப்டாப் நனையக்கூடாது என்று திறந்தபடியே பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். வாளியின் உட்புறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்த அந்த வெளிநாட்டு அம்மாள், உங்கள் நாட்டில் யுத்தமா என்று அக்கறையாக விசாரித்தார்.

என் வேலையைச் சொல்லவேண்டும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கும் பெங்களூர் கம்பெனி. முன்பு அங்கே ஒரு பி.ஜி. விடுதியில், என்னை 'அங்கிள்' என்று கூப்பிடும் பையன்களோடு கட்டில் பகிர்ந்து, குடும்பத்தைப் பண்டிகைக்குப் பண்டிகை பார்த்து வாழ்ந்தேன். கொரோனாவுக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள், திரும்பக் கூப்பிட மறந்துவிட்டார்கள். அந்த மறதி நீடிக்கவேண்டும் என்று பனிமய மாதாவுக்கும் திருச்செந்தூர் முருகனுக்கும் சரிசமமாக நேர்ந்திருந்தேன். கம்பெனிக் கடிதங்களில் எங்களுக்கு 'டிஜிட்டல் நோமேட்' என்று பட்டம் வேறு. அண்ணாச்சி அர்த்தம் கேட்டார்.

"நாடோடி மாதிரி அண்ணாச்சி. எங்க வேணும்னாலும் போய் இருந்துக்கிட்டு வேலை பாக்கலாம்."

"நீ எங்கன போன?"

"எங்கயும் போகல."

"நாடோடின்னா கூடாரம் அடிச்சித் தங்குவான். உனக்கு ஏசி ஓடலைன்னா வேலையே ஓட மாட்டேங்கு."

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் கம்பெனிக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆட்கள் எந்தெந்த ஊரிலிருந்து வேலை செய்யலாம் என்று வரைபடம் போட்டு, ஊர்களுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்திருந்தார்கள். தூத்துக்குடி மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஊசலாடியது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், சிவப்பு என்று முடிவானால் பெங்களூர் திரும்பவேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு அங்கேயே அந்தப் பி.ஜி. சாம்பாரின் ருசி நாக்கில் வந்துவிட்டது. மனைவி வேலையை விட முடியாது, மகள் பிளஸ் டூ. பெட்டி கட்டினால் நான் ஒருவன்தான் கட்டவேண்டும்.

அண்ணாச்சியிடம் விஷயத்தைப் பாதிதான் சொன்னேன். ஆபத்து உள்ள ஊரா என்று பார்க்க ஒரு மேடம் வருகிறார், ஆபத்து என்றால் சிவப்பு போடுவார், அவ்வளவுதான். மீதியைச் சொல்லவிடாமல் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"அந்தக் காலத்துலயும் இப்படி ஒரு ஆள் உண்டுல்லா. முத்துக்குளிக்கும்போது கரையில ஒருத்தன் உக்காந்து சுறா வாயைக் கட்டுதேன்னு மந்திரம் சொல்லுவான். கடல்கட்டின்னு பேரு. எங்க பாட்டன் கல்லைக் கட்டிக்கிட்டு முங்குவாரு, இவன் மணல்ல உக்காந்து அவரைக் காப்பாத்துவான். சரி, மேடம் வரட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

'நான் பாத்துக்கிடுதேன்' என்பதை நான் நம்பினேன். என் புத்தி அப்படி.

மேடம் கோயம்புத்தூர்க்காரர். இதமான பேச்சு, கையில் டேப்லெட். அண்ணாச்சி துவைத்துத் தேய்த்த பாய்லர் சூட்டில் வாசலிலேயே நின்று, அவருக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார்.

"ரொம்ப அமைதியான கடலா இருக்குதுங்களே" என்றார் மேடம்.

"நம்பாதீங்க மேடம். சத்தம் போடுத கடல் போட்டுட்டுப் போயிரும். சத்தம் போடாத கடல் மனசுல வச்சிக்கிட்டு இருக்கும். சுனாமி வராதுன்னு யாரு எழுதிக் குடுத்திருக்கா?"

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அதை அவர் உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார்.

"மழைத் தண்ணி எங்க தெருவுக்கு வந்தா, சம்பந்தி வீட்டு ஆளு மாதிரி வாரக்கணக்குல தங்கும். காத்துல முழுக்க உப்பு, கம்ப்யூட்டர் துருப்பிடிச்சிரும். இந்தா நிக்கே தென்னை, காய் எப்ப விழும்னு அதுக்கே தெரியாது. பின்பக்கம் பாம்பு இருக்கு, கம்பும் இருக்கு. கரண்டு அது இஷ்டத்துக்கு வரும். இதெல்லாம் போக, இவரு தெனமும் பொரிச்ச புரோட்டா திங்காரு. அது தனி ரிஸ்க்கு."

கேட்கக் கேட்க எனக்கே என் ஊர்மேல் பயம் வந்தது. சுனாமிக்கு என் வலதுகால் படிக்கட்டைப் பார்த்து நகர்ந்தது. பாம்புக்கு இடதுகாலும் சேர்ந்துகொண்டது. தென்னைக்குக் கையைத் தலையில் வைத்தவன் அப்புறம் எடுக்கவில்லை. இந்த ஊரில் இத்தனை நாள் எப்படி உயிரோடு இருந்தோம் என்று மேடத்திடம் நானே கேட்டிருப்பேன், அண்ணாச்சி இடைவெளி விடவில்லை.

"இவ்வளவு விவரமா எந்த ஊர்லயும் யாரும் சொல்லலீங்க" என்றார் மேடம். வாசலில் என்னிடம் மட்டும் தனியாக, "நாளைக்கு ரிப்போர்ட் அனுப்பணுங்க. சிவப்புலதான் வரும்போல இருக்குது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

திரும்பினால் அண்ணாச்சி கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார். "என்னல, சிவப்பா? நான் சொன்னம்லா. இனிமே உனக்கு ரெட்டைச் சம்பளம்."

"ரெட்டைச் சம்பளமா?"

"பெறவு? கொள்ளைக்காரன் கடல்ல கப்பல் நுழைஞ்சா, அங்கன இருக்க நாளுக்கெல்லாம் ரெட்டைச் சம்பளம்லா. ஆபத்தான எடம்னு முத்திரை விழணும்னு நாங்க மாதாகிட்ட மெழுகுவத்தி ஏத்துவோம். அதான் ஒண்ணு விடாம எடுத்து விட்டேன்."

என் மனைவி படிக்கட்டிலிருந்து சொன்னாள். "அண்ணாச்சி, இவங்க கம்பெனியில ஆபத்துன்னா சம்பளம் ஏறாது. பெட்டியக் கட்டிக்கிட்டு பெங்களூருக்கு வான்னு கூப்பிடுவாங்க."

"ஆபத்துல கெடக்கவனுக்குத் துட்டு கிடையாதா?"

"கிடையாது."

"சீ. என்ன கம்பெனில அது."

ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் தலையை நான் பார்த்தது அன்றைக்குத்தான், நல்ல வழுக்கை. "அப்ப நீ போயிருவியா தம்பி?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, "மேடம் எங்கன தங்கியிருக்கு? வண்டிய எடு" என்றார்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். "இந்த ஊர்ல பெரிய ஆபத்து இல்ல."

"பெரியன்னு சொன்னா சின்னது இருக்குன்னு ஆயிரும் அண்ணாச்சி. ஒண்ணுமே இல்லன்னு சொல்லுங்க."

"ஒண்ணுமே... ஏலே, மாடு நிக்கி, பாத்துப் போ. ஒண்ணுமே... வாயில வர மாட்டேங்குடா."

ஓட்டல் வரவேற்பறைக்கு மேடம் இறங்கி வந்தபோது, அண்ணாச்சி தீ பிடித்தால் ஓடும் வழியை விசாரித்து முடித்திருந்தார். மேடத்தின் முன்னால் விறைப்பாக நின்று, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு சொன்னார்.

"மேடம், எங்க ஊர்ல ஒரு ரிஸ்க்கும் கெடையாது."

"காலைல சொன்னீங்களே?"

"அது கப்பல்காரன் சொன்னது. இது வீட்டுக்காரன் சொல்லுதது."

"கடலுங்க?"

"குழந்தை மாதிரி."

"பாம்புங்க?"

"நான் பாத்ததே இல்ல."

"வெள்ளம் வந்தாலுங்க?"

"வரும்... வந்தா, நாகரிகமா போயிரும்."

அவர் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கியது. ஆடுகிற கப்பலில் வேர்க்காமல் கொடிமரம் ஏறினவர். மேடம் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். ஊரே முங்குன அந்த டிசம்பர் வெள்ளத்தப்போ என்ன பண்ணுனீங்க?"

நேராகப் பார்த்து யாராவது கேள்வி கேட்டால் எனக்கு உண்மைதான் வரும். அது நேர்மை அல்ல, நடுக்கம். "கட்டில்மேல ஏறி நின்னேன் மேடம். பக்கத்துல உக்காந்திருந்த என் மனைவிக்கு வாட்ஸ்அப்புல உயில் எழுதினேன். டவர் இல்லாததால அது போகல."

"வேலை?"

"கரண்டும் இல்ல, நெட்டும் இல்ல. ஒரு வேலையும் நடக்கல."

அண்ணாச்சி என் காலை மிதித்தார். நிறுத்த முடியவில்லை. "தெருவே எங்க மொட்டைமாடியிலதான் இருந்துச்சு மேடம். அண்ணாச்சிதான் கயிறு கட்டி ஒவ்வொருத்தரா ஏத்தினாரு. கஞ்சி காய்ச்சி ஊத்தினாரு. அழுத பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு விளையாட்டுக் காட்டினாரு. எனக்கும் மாட்டிவிட்டாரு, நானும் அழுதுக்கிட்டிருந்தேன்."

மேடம் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி தீயணைப்பான் சிலிண்டரில் காலாவதித் தேதி தேடிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே கடிதம் வந்தது. தூத்துக்குடி சிவப்பு. கம்பெனி வேறு யாரையும் இந்த ஊருக்கு அனுப்பாது. ஆனால் நான் மட்டும் இருக்கலாம், இதே வீட்டில் இருக்கும்வரை. காரணம் என்ற இடத்தில் 'வீட்டுக்காரர்' என்று மட்டும் எழுதியிருந்தது.

படித்துக் காட்டினேன். நான் எதிர்பார்த்த சந்தோஷம் அவர் முகத்தில் வரவில்லை.

"சிவப்புன்னே போட்டிருக்கா. அப்ப நான் சொன்ன பொய்யி?"

"வீணாப் போச்சு அண்ணாச்சி."

"சவத்தை, பொய்யின்னா பொய்யிதான்" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கிளம்பினார். ஆபத்து இருக்கும்போது இல்லை என்று சொல்லிவிட்டேன் என்று சாமியாரிடம் முறையிட்டாராம். யாருக்காகச் சொன்னாய் என்று சாமியார் கேட்டிருக்கிறார். மாடிவீட்டுக்காரனுக்காக என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்காக மனம் வருந்துகிறாயா என்று கேட்டதற்கு, இல்லை சாமி என்றாராம். வருத்தம் இல்லாமல் மன்னிப்பு கிடையாது, அது வந்தபிறகு வா என்று சாமியார் அனுப்பிவிட்டார்.

"வருந்துதேன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்லா அண்ணாச்சி" என்றேன்.

"அது இன்னொரு பொய்யில்லா" என்றார்.

இன்றும் சனிக்கிழமைதோறும் குளித்து, சட்டை மாற்றி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிறார். வருத்தம் வந்ததா என்று சாமியார் கேட்பாராம். இன்னும் வரவில்லை சாமி என்று சொல்லிவிட்டு வீடு திரும்புகிறார்.