ஒண்ணு குறையுது

பெண்டாட்டியை ஜெயிக்க ஒரே வழி, நம்மைவிட அறிவான ஒரு ஜீவனைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வதுதான். அதனால் நான் நாய் வாங்கினேன்.

தினமும் சாயங்காலம் பன்னிரண்டு ஆட்டையும் எண்ணிப் பட்டியில் அடைப்பது என் வேலை. அதே நேரத்தில்தான் சின்னத்துரை டீக்கடையில் ஆடுபுலி ஆட்டம் களைகட்டும். எனக்கு எது முக்கியம் என்று சொல்லவும் வேண்டுமா?

"பார்டர் கோலி! ஆடு திருப்பவே பொறந்த நாயி. பேரு ஜிம்மி," என்று மனைவி ஜெகதீஸ்வரிக்கு அறிமுகம் செய்தேன்.

"இம்புட்டு முடியா? நம்ம திருச்சுழி வெயிலுக்கு வெந்துருமே!"

"காலையில கொஞ்சம், வெயில் தாழக் கொஞ்சம், அம்புட்டுத்தான் வேலை. உனக்கு என்ன தெரியும்?"

"சரிங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சும்மா இருக்கத் தெரியாத நாய் அது. முதல் நாளே கோழிகளை எல்லாம் ஒரு மூலையில் திரட்டியது. மறுநாள் தெருப்பிள்ளைகளை ஓட்டிவந்து எங்கள் வாசலில் நிறுத்தியது. நானா விடுவேன்? இரண்டு மாதம் பழக்கினேன். "ஜிம்மி, ஒண்ணு குறையுது!" என்றால் போதும். கருவேலங்காட்டுக்குள் பாய்ந்து, விட்டுப்போன ஆட்டை ஓட்டிவந்துவிடும்.

"இனிமே சாயங்காலம் நான் எதுக்கு? நீ எண்ணு, மிச்சத்தை நாய் பாத்துக்கிரும்."

"ஒண்ணு குறைஞ்சா?"

"அதைத்தான் பழக்கியிருக்கேனே! சொல்லிப் பாரு. எங்க இருந்தாலும் கொண்டாந்துரும்."

"எங்க இருந்தாலுமா?"

"எங்க இருந்தாலும்!" என்று மார்தட்டிவிட்டு டீக்கடைக்கு நடந்தேன்.

அன்று நான்தான் புலி. ஐயாத்துரையின் ஆட்டில் நாலை வெட்டியாச்சு. ஐந்தாவதுக்குக் கை நீட்டும்போது, எதிரே ஜிம்மி. தலையைத் தாழ்த்தி, கண் இமைக்காமல் என்னையே முறைத்தது.

"ஏலே, உன்னைய ஆட்டைப் பாக்குற மாதிரில்ல பாக்குது!" என்றான் ஐயாத்துரை.

"ஜிம்மி, வீட்டுக்குப் போ!"

அது போகவில்லை. இடப்பக்கம் நகர்ந்தேன், மறித்தது. வலப்பக்கம் நகர்ந்தேன், அங்கேயும் மறித்தது. பெஞ்சில் ஏறினேன், குதிகாலுக்குக் குறிவைத்தது. கடையே கைதட்டிச் சிரிக்க, நான் முன்னால், அது பின்னால். மானம் போச்சு.

பட்டி வாசலில் ஜெகதீஸ்வரி நின்றிருந்தாள். ஜிம்மி என்னை நேராக உள்ளே தள்ளியது. ஆடுகள் ஒதுங்கி இடம் கொடுத்தன.

"பன்னெண்டும் இங்கனதானே நிக்குது! என்னத்தடி குறைஞ்சுச்சு?"

அவள் விரலை நீட்டி நிதானமாக எண்ணினாள். கடைசியாக விரல் என்மேல் வந்து நின்றது.

"பதிமூணு. இப்பச் சரியா இருக்கு," என்று படலைச் சாத்தினாள்.