மால்டாவிலிருந்து வந்த செபஸ்தியார்

கடலூர் முதுநகர்,
சனிக்கிழமை.

பாசமுள்ள தம்பி ஞானராஜுக்கு,

மால்டா சினிமா என்று எதைச் சொல்வது? மால்டாவில் எடுத்த படத்தையா, மால்டாக்காரர் எடுத்த படத்தையா, மால்டாவைக் காட்டும் படத்தையா? ஒரு மாதமாக யோசிக்கிறேன், எனக்கு விடை தெரியவில்லை. நலம் விசாரிப்பதற்கு முன்பே கேள்வி கேட்கிறாளே என்று நினைக்காதே. இங்கு நானும் என் முழங்கால் வலியும் நலம். அங்கே மால்டாவில் நீயும் ஜான்சியும் ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு ஷிப்ட் என்று போய் வந்தாலும் ஒரு வேளையாவது ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஆண்டவர் வழிசெய்யட்டும். இதைத் தபாலில் அனுப்பக் காரணம், வாட்ஸப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இன்று நடந்தது கட்டைவிரலில் அடங்காது.

கல்லூரி நூலக வேலை போக, மாதம் ஒரு சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் நான் உலகப் படம் காட்டுவது உனக்குத் தெரியும். யாரும் வருவதில்லை என்பதும் தெரியும். சென்ற மாதம் பனியில் ஆடு மேய்க்கும் படத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். மீதி நான். அன்று படம் முடிந்ததும் மண்டபச் செயலாளர் மரிய அருள், திட்டுகிறவர்களுக்கே உரிய மரியாதையோடு வந்து நின்றார். "அனிதாக்கா, தப்பா நெனைக்காதீங்க. காலி நாற்காலிக்குப் படம் காட்டறதுக்கு நான் கமிட்டில பதில் சொல்ல முடியல. ஜும்பா கிளாஸ்காரங்க வேற கேட்டுக்கிட்டே இருக்காங்க. அடுத்த வாட்டி ஹால் ரொம்பலன்னா சாவியக் குடுத்துடுங்க." அந்தச் சாவியை நான் எட்டு வருடமாக என் வீட்டுச் சாவியோடு கோத்து வைத்திருக்கிறேன். நாற்காலிகளை அடுக்கினேன்.

அந்த வாரம்தான் நீ அந்தக் குறும்படத்தை அனுப்பினாய். நீ மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட பெரியவரின் மகன் கார்மெனு எடுத்தது என்றும், வெளியூரில் வேலை பார்க்கும் ஒருவன், அப்பாவின் தோள் ஓய்ந்துபோனதால் திருவிழாவில் புனித செபஸ்தியார் சுரூபத்தைச் சுமக்க ஊருக்கு வருவதுதான் கதை என்றும் எழுதியிருந்தாய். மண்டபத்தை விட்டுப் போவதுதான் போகிறோம், ஒரு முறை ஒழுங்காகப் போவோம் என்று 'மால்டா சினிமாவின் ஏற்றமும் இறக்கமும்' என்று ஓர் உரையும் தயார் செய்தேன். ஒத்திகைக்குச் சிதம்பரம் போனேன். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த மங்கலத்தின் வீடு கீழ வீதியில் இருக்கிறது. அவளையும் அவள் கணவர் மணவாளனையும் சோபாவில் உட்காரவைத்து ஆரம்பித்தேன். நம் மாவட்டத்தின் ஜனத்தொகையில் கால்வாசிகூட இல்லாத தீவு. கடலோரத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள், அதன் விளிம்பும் கடலும் கேமராவில் ஒன்றாகிவிடும், உலகத்துக் கப்பலெல்லாம் வந்து அதில் மூழ்கிவிட்டுப் போகும். தெருவெல்லாம் ஒரு நாள் ரோமாபுரி, ஒரு நாள் எருசலேம், ஒரு நாள் எகிப்து. இது ஏற்றம். ஆனால் அந்தத் தீவு தன்னையே காட்டி, தன் மொழியிலேயே பேசி எடுத்த படங்கள் கொஞ்சம்தான், அவையும் பெரும்பாலும் அண்மைக்காலத்தில் வந்தவை. இது இறக்கம்.

மங்கலம் முறுக்கைக் கீழே வைத்தாள். "ஏண்டி, அப்ப அந்த ஊர்ல காலைல கதவத் தொறந்தா, இன்னிக்கு நாம எந்த ஊருன்னு யாராவது வந்து சொல்லிட்டுப் போவாங்களா?"

மணவாளன் அதற்குள் தூங்கிவிட்டார். எழுந்ததும், "ஏற்றம் நல்லா இருந்துச்சும்மா" என்றார். இறக்கத்தில் தூங்கியிருக்கிறார். நான் கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சாவியை மனதுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது பேனர். ராஜ்கமலை உனக்கு நினைவிருக்கும், மாரியம்மன் கோயில் செடல் உற்சவமானாலும் நம் பங்குத் திருவிழாவானாலும் அவர் கடை பிளெக்ஸ்தான். படத்திலிருந்து ஒரு காட்சியைக் கொடுத்து, மேலே உரையின் தலைப்பு, கீழே நேரம், வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் கொடுத்த காட்சி செபஸ்தியார் தோள்களின் மேல் வரும் காட்சி. ராஜ்கமலின் கை முப்பது வருடமாகப் பழகிய கை. சாமியைப் பார்த்ததும் அது தானாக வேலை செய்துவிட்டது. மறுநாள் பேருந்து நிலையத்துக்கு எதிரே பேனர் தொங்கியது. செபஸ்தியார் தலையைச் சுற்றி ஒளிவட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, 'மால்டா நாட்டிலிருந்து நம் மண்டபத்துக்கு! அருள் பெற அனைவரும் வாரீர்!' சினிமா என்ற சொல் எங்கோ ரோஜாப்பூவுக்குப் பின்னால் இருந்தது. மூலையில் நான், கூப்பிய கைகளோடு. அது என் கைகூட இல்லை தம்பி. போன தேர்தலில் நின்ற யாரோ ஒருவருடைய கை.

கடைக்குப் போய்க் கேட்டேன். "சாமி படத்தக் குடுத்துட்டு விளக்கு வெக்காதன்னா எப்பிடி மேடம்? பாக்கறவங்க என்னைய இல்ல கேப்பாங்க" என்றார். மாற்ற நேரமில்லை.

இன்று மாலை நான் மண்டபத்தைத் திறக்கப் போனபோது வாசலில் கூட்டம் நின்றது. முதலில் யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சவரிமேரி அக்கா மாதா சபைப் பெண்களோடு நீலப் புடவையில் நிற்கிறார், கையில் மெழுகுவர்த்தி. துறைமுகத் தெருக்காரர்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நெற்றியில் விபூதியோடு ராஜ்கமல் குடும்பத்தோடு வந்திருக்கிறார். இளவரசு தன் பேண்டு செட்டைச் சீருடையில் கூட்டி வந்து, "சாமி வண்டி எந்தப் பக்கமா வருது மேடம்? எதிர்கொண்டு வாசிச்சுக்கிட்டே வரணும்ல" என்கிறார். சாமி பென்டிரைவில் வருகிறார் என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தால் இவ்வளவு பேரும் கலைந்துபோவார்கள், திறக்காவிட்டால் ஏமாற்று. கடைசியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு மைக்கில் உண்மையைச் சொன்னேன். சுரூபம் வரவில்லை, படம்தான் வந்திருக்கிறது, போகிறவர்கள் போகலாம் என்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. "நேர்ல வந்தா என்னா, படத்துல வந்தா என்னா. போடும்மா" என்றார் சவரிமேரி அக்கா.

உரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் படத்தைப் போட்டேன். திரைக்கு அடியில் ஓடும் ஆங்கில வசனத்தைத் தமிழில் சொல்லலாம் என்று மைக்கைப் பிடித்தபடி நின்றேன், அதற்குத் தேவையே வரவில்லை. அப்பனும் மகனும் பேசாமல் சாப்பிட்டதைப் பார்த்ததும் ஒரு பெண், "காசு அனுப்பினா ஆச்சா, வந்து பாக்க வேணாமா" என்றாள். கதை அவ்வளவுதான். சரியாக ஊர்வலம் கிளம்பும் இடத்தில் ஸ்பீக்கர் செத்துவிட்டது. திரையில் மேளம் அடிக்கிறார்கள், சத்தம் இல்லை. நான் ஒயரைப் பிடுங்கிச் சொருகுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை, மரிய அருள் கடிகாரத்தைப் பார்க்கிறார், என் எட்டு வருடமும் அந்த ஒயரில் தொங்குகிறது. அப்போது பின்னாலிருந்து இளவரசுவின் டிரம்பெட் எழுந்தது.

தம்பி, நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. ஆனால் அவர்கள் சுரூபம் தூக்கி வைக்கும் அடியும் இவர்கள் மேளம் அடிக்கும் அடியும் ஒன்றாக விழுந்தன. கூட்டம் எழுந்து நின்றது. சவரிமேரி அக்கா மன்றாட்டு மாலையை ஆரம்பித்தார், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று மண்டபம் முழுக்கப் பதில் சொன்னது, ராஜ்கமல் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். திரையில் மேடான தெருவில் ஏறும்போது அந்த மகனுக்குக் கால் தள்ளாடியது. நம் துறைமுக ஆட்களுக்குப் பொறுக்கவில்லை.

"தோள் மாத்துப்பா. எடது தோளுக்கு மாத்து."

"டேய், பின்னாடி நிக்கறவன் என்னாடா வேடிக்க பாக்கற? தோள் குடு."

அடுத்த நொடி திரையில் பின்னால் நின்றவன் வந்து தோள் கொடுத்தான். மண்டபத்தில் எழுந்த விசில் செம்மங்குப்பம் வரைக்கும் கேட்டிருக்கும். மங்கலம் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தாள், அழுதுகொண்டே என்னைக் கிள்ளினாள். மணவாளன் தூங்கவில்லை.

முடிவில் நான் இரண்டே வாக்கியம் பேசினேன். "இத்தனை காலம் மற்ற ஊர்களாக வேஷம் போட்ட மால்டா, இந்தப் படத்தில் மால்டாவாகவே நிற்கிறது. அந்தத் தெரு அந்த ஊர்த் தெரு, அந்தக் கல் அந்த ஊர்க் கல்." கைதட்டல் அடங்கவில்லை. மரிய அருள் மட்டும் முகத்தில் எதுவும் காட்டாமல், "நாளைக்குப் பூசை முடிஞ்சு வாங்கக்கா, சாவி விஷயம் பேசணும்" என்றார். பேசட்டும். நான் ஜெயித்துவிட்டேன் என்பது அவருக்கும் தெரியும். மால்டாவுக்கு ஏற்றம் உண்டோ இல்லையோ, இன்று கடலூரில் அதற்கு ஏற்றம்தான். கார்மெனுவிடம் சொல்.

ஜான்சியை நெஞ்சோடு அணைத்ததாகச் சொல். கார்மெனுவின் அப்பா நடக்கத் தொடங்கிவிட்டாரா என்று கேட்டு எழுது. செபஸ்தியார் உங்கள் இருவரையும் நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். இன்று அவரிடம் எனக்குக் கொஞ்சம் செல்வாக்கு இருக்கிறது.

அன்புடன்,
அக்கா ஆரோக்கிய அனிதா

பின்குறிப்பு: ஞாயிறு. மேலே எழுதியதில் என் இரண்டு வாக்கியத்தையும் அடித்துவிடு. காலையில் உன் செய்தி வந்தது. ஊர்வலத்தைப் படம்பிடிக்க வேண்டிய வாரத்தில் கார்மெனுவின் தெருவை ஒரு வெளிநாட்டுப் படக் கம்பெனி எடுத்துக்கொண்டு ரோமாபுரி ஆக்கிவிட்டதாம், அதனால் அவர் கப்பலேறி இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போய் அங்குள்ள செபஸ்தியாரை எடுத்தாராம். அதாவது மால்டா ரோமாபுரியாக நிற்க, சிசிலி மால்டாவாக நின்றிருக்கிறது. இதை நீ நேற்றே சொல்லியிருக்கலாம்.

சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பூசைக்குப் போனேன். மண்டபத்தில் வெள்ளைத் திரைக்கு யாரோ மல்லிகை மாலை போட்டிருந்தார்கள், கீழே மெழுகு உருகிக் கிடந்தது. அதன் முன்னால் நின்று மரிய அருளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாலையை நேராக்கினார். "விடுங்கக்கா. நம்ம பிச்சாவரத்த எத்தன படத்துல எந்தெந்த நாட்டுக் காடுன்னு காட்டியிருக்கான், நாம என்னா கேஸா போட்டோம்? சாவிய நீங்களே வெச்சுக்கிங்க. டூப்ளிகேட்டும் என்கிட்ட இருக்கு, அதயும் வாங்கிக்கச் சொல்லத்தான் கூப்ட்டேன்."

அடுத்த மாதம் வேறு நாட்டுப் படம் காட்டலாமா என்று கேட்டேன்.

"தாராளமா காட்டுங்க. எந்த நாடுன்னாலும் சரி. ஆனா யாராவது எதையாவது தூக்கிக்கிட்டுப் போற படமா பாருங்க. நம்மாளுங்க தோள் குடுக்கணும்ல?"