ஒத்திகையார் வீட்டுச் சுற்றுலா

எதையுமே முதல் தடவையாகச் செய்யாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர் உண்டென்றால், அவர் காரைக்காலில் என் எதிர்வீட்டில் இருக்கிறார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவர் ஒத்திகையார். எந்தக் காரியமானாலும் ஒரு தடவை பொய்யாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் நிஜமாகச் செய்வார்.

பல் பிடுங்க வேண்டுமென்றால் முதல் நாள் ஈஸிசேரில் அரை மணி நேரம் வாயைப் பிளந்து படுத்திருப்பார். அவர் மனைவி மேலிருந்து டார்ச் அடிக்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வாசலில் பெஞ்சு போட்டு, என்னையும் என் வீட்டுக்காரரையும் பெண் மாப்பிள்ளையாக உட்கார வைத்து மாலை மாற்றச் சொன்னார். அந்த நேரம் பார்த்து, நெடுங்காட்டிலிருந்து கண் சரியாகத் தெரியாத அவருடைய பெரியப்பா வந்து சேர்ந்தார். எங்கள் தலையில் அட்சதை தூவி, "சீக்கிரமே நல்ல சேதி சொல்லுங்க" என்று வாழ்த்திவிட்டு, கல்யாணம் முடிந்ததென்று பஸ் ஏறிவிட்டார். என் பையன் அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.

அந்த மகள்தான் இப்போது பாரிஸில் இருக்கிறாள். மாப்பிள்ளை வீடு பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். ஒன்பது வயதில் ஒரு பெண், ஆறு வயதில் ஒரு பையன். போன வருஷம் லீவுக்கு வந்திருந்தார்கள். வந்த நாலாம் நாளே இரண்டும் சோபாவில் தலைகீழாகத் தொங்க ஆரம்பித்துவிட்டன. மகள் பட்டென்று சொல்லிவிட்டாள்.

"பிள்ளைங்களுக்கு இங்க போர் அடிக்குதுப்பா. அடுத்த வருஷம் ஸ்பெயின் போலாம்னு இருக்கோம். நீங்களும் அம்மாவும் அங்க வந்துடுங்களேன்."

அம்மாவுக்கு மூட்டுவலி. பத்து மணி நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. ஒத்திகையாருக்கு அதைவிடப் பெரிய சிக்கல். விமானத்துக்கு எங்கே போய் ஒத்திகை பார்ப்பது? பிள்ளைகள் வரவில்லையென்றால் பார்க்கவே முடியாது, அவ்வளவுதான். மறுநாள் காலை என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முகம் சுருங்கியிருந்தது.

"ஏம்மா, ஒரே ஒரு நாள் பிரமாதமா அமைஞ்சிட்டா போதும்மா. பிள்ளைங்களே 'மறுபடி வர்றோம்'னு சொல்லிடும்."

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி சுற்றுலா. வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறதாம். பழைய காலத்து வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டு, உள்ளே ஆட்கள் பானை வனைந்தும் துணி நெய்தும் காட்டுவார்களாம். பக்கத்திலேயே இரண்டு பீச். காலை நாலு மணிக்கு வேன். இந்த ஞாயிறு ஒத்திகை, அடுத்த ஞாயிறு மியூசியம். வாரம் பூராவும் பிள்ளைகளிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் ஞாயிறு மகளும் மாப்பிள்ளையும் புதுச்சேரிக்கு உறவினரைப் பார்க்கப் போய்விட்டார்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வேன் சீட் மாதிரி வரிசையாகப் போட்டார். முன்னால் அவர், டிரைவர். கையில் ஸ்டியரிங்குக்குப் பதில் சாப்பாட்டுத் தட்டு.

"எல்லை தாண்டியாச்சு, தமிழ்நாடு! கையை உள்ள வைங்க!"

எங்கள் ஊர்க்காரருக்கு எல்லை ஒரு பெரிய விஷயமில்லை. வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு, அதைத் தாண்டினால் மறுபடி புதுச்சேரி, அதையும் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. ஒவ்வொன்றுக்கும் தட்டைச் சுழற்றி ஒரு ஹாரன் அடித்தார். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நடுவிலேயே, "கடலூர் வந்தாச்சு. நீ வாந்தி எடு" என்றார் மனைவியிடம்.

"எனக்கு வரலீங்களே."

"கடலூர்னா உனக்கு எப்பவும் வரும். கவரைப் பிடி, பழகிக்க."

நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி வேறு வழியில்லாமல் கவருக்குள் ஓங்கரித்தாள். பேத்தி எழுந்து நின்று கைதட்டினாள்.

அடுத்தது மியூசியம். பேங்கில் வேலை பார்க்கிற நான், வருகிறவர்களுக்கு எந்த கவுண்டர் என்று வழி சொல்கிறவள் என்பதால் கைடு. நெசவாளிக்குப் பதில் எங்கள் தெரு டெய்லர். "பார்வையாளர்களே, இது பதினெட்டாம் நூற்றாண்டு" என்று நான் அறிவித்ததும் அவர் கோபித்துக்கொண்டார்.

"முந்தாநாள் குடுக்க வேண்டிய ஜாக்கெட்டையே இன்னும் தைக்கலை. என்னைப் போயி அவ்வளவு பின்னாடி தள்ளுறீங்களே!"

பானை வனைகிறவர் எங்கள் தெருவில் இல்லை. ஆகவே தெருமுனைக் கடைக்கு நடந்தோம், பரோட்டா மாஸ்டரிடம்.

"சார், நான் இப்ப பானை செய்யணுமா, பரோட்டா செய்யணுமா?"

"நீங்க பரோட்டாவே செய்யுங்க. இவங்க பானைன்னு நினைச்சுக்குவாங்க."

மாஸ்டர் ஆளுக்கு ஒரு உருண்டை மாவு கொடுத்து வீசச் சொன்னார். பேத்தி வீசியது கல்லில் விழுந்தது. பேரன் வீசியது மின்விசிறியில் போய் உட்கார்ந்தது. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இலையைக் கையால் மூடிக்கொண்டார்கள். மாஸ்டர் திட்டவில்லை. "மேல போற பரோட்டாவை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

பிறகு மினி ஆட்டோவில் கடல். முதல் பீச்சாக எங்கள் காரைக்கால் கடற்கரை. அரசலாறு வந்து கலக்கிற அந்த இடத்துக்கு எதிரே எந்த ஊர்க் கடலைக் கொண்டுவந்து வைத்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டாம் பீச் மண்டபத்தூர். அங்கே ஆட்கள் வலையைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தன. ஒத்திகையார் பதறிப்போய்ப் பட்டியலைப் புரட்டினார்.

"இது லிஸ்ட்ல இல்லையேம்மா!"

"ஐயா, சும்மா நிக்காம ஒரு கை புடிங்க" என்றார் வலைக்காரர் ஒருவர்.

ஒத்திகையார் பட்டியலை என்னிடம் நீட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். கயிற்றைப் பிடித்தார். முன்னால் பேரன், நடுவில் பேத்தி, பின்னால் இவர். வலை கரைக்கு வந்தபோது மூவரும் மணலில் மல்லாந்து கிடந்தார்கள். வலைக்காரர் பேத்தி கையில் ஒரு மீனைக் கொடுத்தார். வீடு வரும்வரை அவள் அதைக் கீழே வைக்கவேயில்லை.

அடுத்த ஞாயிறு நிஜச் சுற்றுலா. என்னையும் அழைத்துப் போனார். வேன் சரியான நேரத்துக்குப் போனது, அக்காவுக்குக் கடலூரில் ஒழுங்காக வாந்தி வந்தது, வீடுகள் அழகோ அழகு, இரண்டு பீச்சிலும் பிள்ளைகள் சொன்ன இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டன. "நல்லா இருக்கு தாத்தா" என்றன. அடுத்த வருஷத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திரும்புகிற வழியெல்லாம் ஒத்திகையார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த வாரம் அவர்கள் விமானம் ஏறினார்கள்.

ஒரு மாதம் கழித்து எதிர்வீட்டிலிருந்து ஒரே சத்தம். "ஏம்மா, ஓடியா, ஓடியா!" என்ன ஆயிற்றோ என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். வீடியோ காலில் மகள் சிரிக்கவும் முடியாமல் பேசவும் முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ரெண்டுக்கும் ஸ்பெயின் வேணாமாம். மியூசியமும் வேணாமாம். முதல் ஞாயித்துக்கிழமை தாத்தா கூட்டிட்டுப் போன ஊருக்குத்தான் போகணுமாம். 'ஒத்திகை'ங்கற ஊரு மேப்ல எங்க இருக்குன்னு ரெண்டு நாளா என்னைப் புடுங்குறாங்க. அடம் தாங்காம டிக்கெட்டே போட்டுட்டேன்."

ஒத்திகையார் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். திரைக்குள் பேத்தி எட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, நாங்க வர்றப்ப நீங்க ஒத்திகைலதான் இருப்பீங்களா?"

"வேற எங்க கண்ணு போவேன்? இங்கேயேதான் இருப்பேன். வாங்க."

அன்றிலிருந்து யாராவது என்னிடம் எந்த ஊர் என்று கேட்டால், ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் காரைக்கால் என்கிறேன்.