நான் பொட்டலம் கட்டிய கல்யாணப் பத்திரிகை

அடக்கமானவர்கள் செய்யும் தவறு அவர்களோடு போய்விடும். தலைக்கனம் பிடித்தவர்கள் செய்யும் தவறை ஊர் கூடிப் பார்க்கும். இருபத்து நான்கு வயதில் நான் இரண்டாவது ரகம்.

எம்.சி.ஏ. முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருந்த காலம் அது. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை இன்றைய யூனிகோடுக்கு மாற்றித் தரும் குட்டி நிரல் ஒன்றை யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இணையத்தில் போட்டிருந்தார். லினக்ஸில் அதை நிறுவப் பதினோரு கட்டளைகள் அடிக்க வேண்டும். ஒரே சொடுக்கில் நிறுவும்படி அதைப் பொதியாகக் கட்டி, உலகமே எடுத்துக்கொள்ளும் களஞ்சியத்தில் சேர்ப்பதென்று முடிவு செய்தேன். பொதி என்பது வேறொன்றுமில்லை. எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டும், நிரலை நீக்கினால் எதையெல்லாம் துடைத்துவிட்டுப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதுதான்.

அம்மாவுக்கு இதை விளக்கியிருக்கக் கூடாது.

"பொதின்னா என்னடி?"

"பொட்டலம் மாதிரிம்மா."

மறுநாள் அம்மா தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம்.சி.ஏ. படிச்சுட்டு வீட்ல பொட்டலம் கட்டிக்கிட்டிருக்கா." எதிர்வீட்டு மாமி கண்கலங்கி, தனக்குத் தெரிந்த மளிகைக்கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் முட்டி மோதிக் கட்டிய பொதியைக் களஞ்சியத்தாருக்கு அனுப்பினேன். அங்கே சரிபார்ப்பவர்கள் எல்லோரும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். (சம்பளம் இல்லாதவர்களுக்குத்தான் எவ்வளவு கூர்மையான கண்!) "உங்கள் முதல் முயற்சிக்கு நன்றி. சில திருத்தங்கள் மட்டும்" என்று பதில் வந்தது. அந்தச் 'சில' பதினேழு. பதினாறு வரை படித்துவிட்டு, 'இவ்வளவு குறை சொல்கிற ஆள் பதினேழாவதில் மட்டும் என்ன பாராட்டியிருக்கவா போகிறார்' என்று மூடிவிட்டேன்.

பதினாறையும் திருத்தியதும் எங்காவது சோதித்துப் பார்க்க வேண்டுமே? இருக்கவே இருந்தது மாமாவின் அச்சகம். மாமா என்றால் அக்காவின் கணவர். மலைக்கோட்டை அடிவாரத்துச் சந்தில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர். அவருடைய கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததே நான்தான். முதல் பொதியையும் ஒரு வாரத்துக்கு முன் அதில் நிறுவியிருந்தேன்.

புதியதை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன். மாமா இயந்திரத்துக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார். தட்டச்சு செய்யும் பர்வீன் அக்கா டீ குடிக்கப் போயிருந்தார். நாற்காலி காலி. பழைய பொதியை நீக்கினேன், புதியதை நிறுவினேன். இரண்டே நிமிடம். எனக்கு நானே கை தட்டிக்கொள்ளாததுதான் பாக்கி.

அப்போதுதான் தொட்டியத்திலிருந்து பெரியசாமி ஐயா வந்தார். வாழை விவசாயி, கல்யாணப் பெண்ணின் தகப்பனார். பத்திரிகையில் முகூர்த்த நேரத்தை மாற்ற வேண்டுமாம். அதை முடித்து மாலைக்குள் அடித்தாக வேண்டும். மறுநாள் காலை முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைப்பதாக முடிவாகியிருந்தது.

பர்வீன் அக்கா வந்து உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். ஒரு வார்த்தைகூட வார்த்தையாக இல்லை.

"யா அல்லா!"

பழைய தமிழ் எழுத்துருக்களின் ரகசியம் இதுதான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும். அது போய்விட்டால் வேஷம் கலைந்துவிடும்.

பெரியசாமி ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஜி, ஓ, டி, பி என்று நான்கு எழுத்துகள். மெதுவாகக் கூட்டிப் படித்தார்.

"காட்... பி. ஏங்க, மாப்பிள்ளை பேரு பழனிங்க. இப்பவே சாமின்னு போட்டுட்டீங்கன்னா அப்புறம் அவங்களைக் கையில புடிக்க முடியாதுங்க."

மாமா என்னைப் பார்த்தார். "தேனு, நீ எதையும் தொடலையே?"

"நானா? சும்மா பாத்துக்கிட்டிருந்தேன் மாமா." (அந்தக் குரலை வைத்தே என்னைக் கைது செய்திருக்கலாம்.)

போனில் அந்தப் பதிலைத் தேடிப் பதினேழாவது திருத்தத்தைத் திறந்தேன். 'நீக்கும் கட்டளையில் தேவையற்ற இடைவெளி ஒன்று இருக்கிறது. ஆபத்து. முதலில் இதைக் கவனிக்கவும்.'

தமிழ் எழுத்துருக் கோப்புறையின் பெயரோடு ஒட்டி, அதற்குள் இருக்கும் என் கோப்புறையின் பெயரை அடித்திருக்க வேண்டும். நடுவே ஸ்பேஸ் பட்டைத் தட்டியிருக்கிறேன். கணினி அதை இரண்டாகப் புரிந்துகொண்டது. முதலில் தமிழ் எழுத்துரு அத்தனையையும் அழி, பிறகு இவளுடையதையும் அழி. மாமா பல வருடங்களாகச் சேர்த்த எழுத்துருக்கள் மொத்தமும் போயிருந்தன. அலமாரியில் அவற்றின் சிடிக்கள் இருந்தன. புதுக் கணினியில் சிடி போடும் வசதிதான் இல்லை.

"மாமா, நான்தான்" என்றேன்.

மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இப்ப என்ன பண்றது சொல்லு" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை உசுப்பியது. எழுத்துரு போனால் என்ன? பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றும் நிரல் இதே கணினியில், என் கையாலேயே, இப்போதுதானே நிறுவப்பட்டிருக்கிறது! யூனிகோடு எழுத்துரு ஒன்றைக் களஞ்சியத்திலிருந்து இறக்கினேன். கோப்பின் எழுத்துகளை நிரலுக்குள் கொடுத்தேன். பொத்தானை அழுத்திவிட்டு ரங்கநாதரை வேண்டிக்கொண்டேன். (பத்திரிகை தொட்டியத்துக்குத்தான் என்றாலும் நான் ஸ்ரீரங்கத்துக்காரி.)

'திருமண அழைப்பிதழ்' என்று வந்தது.

"தப்பு விழுந்திருந்தா?" என்றார் மாமா.

"நான் பாக்குறேண்ணே" என்றார் பர்வீன் அக்கா. இருபது வருடம் அதே எழுத்துகளைத் தட்டியவர். பழைய திரையில் இருந்த ஆங்கிலக் குழப்பத்தைத் தமிழ்ப் பேப்பர் படிப்பதுபோலப் படபடவென்று வாசித்தார். நான் புதியதில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். பெண் வீட்டுத் தாத்தா, மாப்பிள்ளை வீட்டு அத்தைகள் என்று ஒவ்வொருவராக உயிரோடு திரும்பி வந்தார்கள்; மண்டபமும் வந்தது. ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. முகூர்த்த நேரத்தையும் திருத்தினோம்.

மாலை நான்கு மணிக்கு முதல் பத்திரிகை வெளியே வந்தது. பெரியசாமி ஐயா முகர்ந்து பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். "முன்னைக்கு இப்ப எழுத்து பளிச்சுனு இருக்குங்களே. இதுக்குத்தான் இவ்வளவு நேரம் ஆச்சா?"

"ஆமாங்க" என்றார் மாமா, முகம் மாறாமல்.

அந்த வாரமே இடைவெளியை நீக்கி மறுபடி அனுப்பினேன். இந்த முறை பதினேழும் சரி. பொதி ஏற்கப்பட்டது. பராமரிப்பவர் தேன்மொழி, சோதித்தவர் பர்வீன் என்று உலகத்தில் யார் திறந்தாலும் தெரியும். பர்வீன் அக்கா அந்தப் பக்கத்தை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். அச்சகத்தின் பழைய கோப்புகள் எல்லாம் யூனிகோடுக்கு மாறின. பக்கத்துச் சந்து அச்சகங்களிலிருந்தும் ஆள் வந்தது. "எங்களுக்கும் அந்தப் பொட்டலத்தைப் போட்டுக் குடும்மா." அம்மா எதிர்வீட்டு மாமியிடம் நிமிர்ந்து நின்று சொன்னார்: "வெளிநாட்டுக்கெல்லாம் போகுது, எம் பொண்ணு கட்டின பொட்டலம்."

இவ்வளவு வென்றும் ஒன்றை மட்டும் என்னால் அழிக்க முடியவில்லை. மாமா அன்று இரவுச் சாப்பாட்டிலேயே அக்காவிடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிட்டார். அதோடு எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை என்ற சொல்லே வழக்கொழிந்தது. என் கல்யாணப் பத்திரிகைக்கு மாமா அனுப்பிய முதல் மாதிரியில் மணமகன் பெயர் என்னவாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பார்த்து என் மாமியார் அரண்டு போனதும், உட்கார வைத்து விளக்கியதும் தனிக் கதை.

போன மாதம் உறையூரில் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். புது மாப்பிள்ளை கூச்சத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் எழுந்து போய்க் கை கொடுத்தார்.

"வாங்க தம்பி. அதோ பந்தியைப் பாத்துக்கிட்டிருக்காரே பெரிய சகலை, அவர் மொத காட்பி. நான் ரெண்டாவது. நீங்க மூணாவது."